கோடி கோடியாய் முதலீடு: கூலிக்காரன் வீட்டுக்கு என்ன வந்தது?

பத்திரிகையைப் பிரித்தால் முதற்பக்கத்தில் முதலீட்டுச் செய்தி. அமெரிக்கக் கம்பெனி வருகிறது, சீனக் கம்பெனி வருகிறது, ஐரோப்பியக் கம்பெனி வருகிறது. இத்தனை நூறு கோடி வெள்ளி, இத்தனை ஆயிரம் வேலை. கைகுலுக்கும் படமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஜொகூரில் ஒரு கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முப்பது ஆண்டாகப் பால் வெட்டிய ஓர் அம்மாள் அப்படிப்பட்ட பத்திரிகை ஒன்றை நம் முன் நீட்டினார். "தம்பி, எனக்குப் படிக்கத் தெரியும். கணக்குத்தான் புரியல. இவ்வளவு கோடி வருதாம். நம்ம தோட்டத்தையும் அதுக்குத்தான் விக்கப் போறாங்கன்னு பேச்சு. என் பேரனுக்கு அதுல என்ன வேலைன்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார்.

கேட்டுப் பார்த்தோம். எத்தனை ஏக்கர் என்பதற்குப் பதில் வந்தது. எத்தனை கோடி என்பதற்கும் வந்தது. பேரனைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. ஆகவேதான் இதை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்நிய முதலீடு என்ற பேச்சைக் கேட்டாலே நாம் முகம் சுளிப்பவர்கள் என்று யாரும் எண்ணவேண்டாம். இந்நாட்டில் அந்நிய முதலீட்டை நம்மைப்போல் அறிந்தவர் வேறு யார்? லண்டனில் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தில்தான் காடு அழிந்தது, நிரை பிடித்துக் கன்று நட்டது, லயம் எழுந்தது, நம் பாட்டன்மாரை அழைத்து வரக் கங்காணி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனது. (ஆனாலும் வழிகாட்டியது லண்டன் பணம் என்று சொல்வதற்கில்லை. 1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலகங்சாருக்குப் போயின. அதன்பின் இருபது ஆண்டளவு துரைமார் காப்பிப் பயிரையே நம்பியிருந்தார்கள். 1896இல் வியாபாரத்துக்கென்று துணிந்து ரப்பர் பயிரிட்டவர் மலாக்காவின் டான் சே யான். உள்ளூர்க்காரர் வழி காட்டினார். லாபம் தெரிந்த பிறகு அந்நியப் பணம் ஓடி வந்தது.)

1910இல் ரப்பர் விலை உச்சிக்கு ஏறியபோது, சில கம்பெனிகள் பங்குதாரருக்கு நூற்றுக்கு நூறுக்கும் மேலாக லாபப் பங்கு கொடுத்தன. அதாவது போட்ட பணம் முழுதும் ஒரே ஆண்டில் திரும்பி வந்து, மேலும் வந்தது. பால் வெட்டியவனுக்கோ நாட்கூலி சென் கணக்கில்தான். முதலீடு வேலையை உண்டாக்கிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. கூலியை அது உண்டாக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தமக்கும் வேண்டும் என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். தலைமை தாங்கிய ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. அந்தச் சமயத்தில் யுத்தத்துக்காக ரப்பர் அமோகமாய் விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். வியாபாரம் செழித்தால் கூலி தானாக ஏறிவிடும் என்று இன்று பேசுகிற பெரியவர்கள், அந்த ஆண்டின் சரித்திரத்தை ஒருமுறை புரட்டலாம்.

வந்த முதலீடு வந்தபடியே இருந்துவிடுவதும் இல்லை. 1950களில் நாடு சுதந்திரத்தை நெருங்கியபோது தோட்டக் கம்பெனிகள் பல நிலத்தை விற்றுவிட்டுப் பணத்துடன் கப்பலேறின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டான இடங்களில் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் காற்றில் போனது. லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸீஸ் தலைமையில் ஆராய்ந்து அறிக்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு அறிக்கை வேண்டியதில்லை. நம் குடும்பக் கதையே போதும். அப்போது துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் சேர்த்த பணத்தில் தோட்டம் வாங்கியது. முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். அந்நிய முதலீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதுகிற பொருளாதார நிபுணர்கள், பால் வாளி தூக்கியவன் போட்ட இந்த முதலீட்டை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை என்று தெரியவில்லை.

முதலாளி உள்நாட்டவராகிவிட்டால் எல்லாம் சரியாகும் என்றும் ஒரு காலத்தில் நம்பினோம். 1981 செப்டம்பர் 7ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் கத்ரி கம்பெனி நம் நாட்டின் கைக்கு வந்தது. கைதட்டினோம், கைதட்ட வேண்டிய செய்திதான். ஆனால் மறுநாள் காலைப் பெரட்டில் கூப்பிட்ட பெயர்கள் அதே பெயர்கள், நாட்கூலி அதே நாட்கூலி. மாதச் சம்பளம் வேண்டும் என்ற நம் கோரிக்கை அதன் பிறகும் இருபது ஆண்டளவு மேசையில் கிடந்தது. ஆகவே பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை வைத்து நாம் தீர்ப்புச் சொல்வதில்லை. எந்த நிபந்தனையோடு அதை உள்ளே விடுகிறோம் என்பதே நம் கேள்வி.

இதற்குப் பினாங்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1969இல் தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியைப் பினாங்கு இழந்தது. துறைமுகத்தை நம்பிய வியாபாரம் படுத்தது. வேலையில்லாத வாலிபர்கள் தெருமுனைகளில் நின்றார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சோங் இயூ அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி என்று அலைந்து கம்பெனிகளை அழைத்து வந்தார். 1971இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் ஆலைகள் எழுந்தன. இன்டெல் கம்பெனி அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை நெல் விளைந்த நிலத்தில் அங்கேதான் கட்டியது. ஹியூலட் பெக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி என்று வரிசையாக வந்தார்கள். வேலை கிடைத்தது, மறுக்க முடியாது. ஐம்பது ஆண்டு கழித்துப் பார்த்தால், உலகில் கணினிச் சில்லுகளைச் சோதித்துப் பொதியிடும் வேலையில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு இந்நாட்டில் நடக்கிறது. கையால் கம்பி ஒட்டிய பெண்களின் பிள்ளைகள் சிலர் இன்று அதே ஆலைகளில் இன்ஜினியர்கள். அந்த மனிதரின் உழைப்பை மெச்சாமல் இருக்க முடியாது.

ஆனால் என்ன விலை கொடுத்து வாங்கினோம்? வரிச் சலுகை ஒரு விலை. அது கஜானாவின் கணக்கு. மற்றொரு விலையைத் தொழிலாளி கொடுத்தான். அந்த ஆலைகளில் சங்கம் அமைக்க மின் தொழில் ஊழியர் சங்கம் முயன்றபோது, மின் தொழில் வேறு, மின்னணுத் தொழில் வேறு, ஆகவே உங்கள் சங்கத்தில் இவர்கள் சேர முடியாது என்று பதிவதிகாரி சொல்லிவிட்டார். ரப்பர் பால் வேறு, ஒட்டுப்பால் வேறு என்று நம்மிடம் சொன்னால் எப்படி இருக்கும்! 1988இல், சரி, சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கம்பெனிகள் முகம் சுளித்ததும், ஆலைக்கு ஆலை தனிச் சங்கம் மட்டும் என்று சுருக்கினார்கள். வட்டாரச் சங்கத்துக்கு இடம் கிடைக்க 2009 ஆயிற்று. தொழில்வாரியாகச் சங்கங்களைப் பிரித்து அடைத்த வேலியைச் சட்டத்திலிருந்தே பிடுங்கிய திருத்தம் 2024 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பாயான் லெப்பாஸ் தொடங்கி 52 ஆண்டு. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்த பெண் அதற்குள் பாட்டியாகி, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டாள்.

வெளியே தெரியாத இன்னொரு கணக்கும் உண்டு. முன்னோடித் தொழில்களுக்கு வரிச் சலுகை தரும் சட்டம் மலாயாவில் 1958இல் வந்தது. தொழிலாளிக்குத் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. முதலாளியின் சலுகைக்கும் தொழிலாளியின் சலுகைக்கும் இடையில் 55 ஆண்டு. இதை எழுதும்போது நமக்கே கை ஒருமுறை நின்றது.

ஆலை பஸ் தோட்டத்துக்குள் நுழைந்த காலம் நம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். இருட்டோடு பெரட்டுக்குத் தாய் ஒரு பக்கம் போவாள். இரவு வேலை முடிந்து மகள் மறுபக்கம் பஸ்ஸிலிருந்து இறங்குவாள். வழியில் இரண்டு வார்த்தை. மகள் கொண்டுவந்த சம்பளத்தில்தான் பல வீடுகளில் முதல் டெலிவிஷனும் தையல் யந்திரமும் தம்பியின் பள்ளிக் கட்டணமும் வந்தன. அந்தப் பணத்தை நாம் அற்பமாகச் சொல்லமாட்டோம். 1985இல் உலகச் சந்தை சரிந்து ஆட்குறைப்பு வந்தபோது, அந்த மகள் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். பேச ஒரு சங்கம் அவளுக்கு இல்லை. தாய்க்கு இருந்தது.

1990களுக்குப் பின் கதை இன்னும் மாறியது. ஆலைகள் பெருகின, வேலையும் பெருகியது, ஆனால் அந்த வேலையை இந்தச் சம்பளத்துக்குச் செய்ய உள்ளூர்க்காரன் இல்லை என்று சொல்லி, ஏஜெண்டு மூலம் நேபாளம், வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து ஆள் இறக்கினார்கள். நம் தோட்டங்களிலும் அதுதான் நடந்தது. இந்தப் பேச்சு வந்தால் நம் தோழர்கள் சிலர் அந்த வெளிநாட்டுத் தொழிலாளி மேல் கோபப்படுகிறார்கள். அது தவறு. அவன் கடன் பட்டு, ஏஜெண்டிடம் பணம் கட்டி, பாஸ்போர்ட்டைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு வந்தவன். கங்காணிக்குக் கடன்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? கப்பல் ஆகாய விமானமாயிற்று, அவ்வளவுதான். அவனையும் சங்கத்துக்குள் கொண்டுவராமல் அவனுடைய கூலியும் ஏறாது, நம்முடையதும் ஏறாது.

கூலியை உயர்த்தினால் கம்பெனி ஓடிவிடும் என்பது நம்மைப் பயமுறுத்தச் சொல்லும் பழைய பாட்டு. பக்கத்து ஊரான சிங்கப்பூரைப் பார்ப்போம். ஜூரோங் சதுப்பில் தொழிற்பேட்டை அமைத்தபோது, இது கோ கெங் சுவீயின் மடத்தனம் என்று கேலி செய்தார்கள். ஆலைகள் வந்தன. 1972இல் அரசாங்கம், முதலாளி, தொழிற்சங்கம் மூவரும் உட்காரும் தேசிய சம்பள மன்றம் அமைந்தது. 1979இலிருந்து மூன்று ஆண்டு, மலிவுக் கூலியை நம்பிய ஆலைகள் வெளியேறட்டும் என்றே சம்பளத்தை வேண்டுமென்று உயர்த்தினார்கள். அங்கே எல்லாம் தேன் என்று நாம் சொல்லவில்லை. 1968இன் சட்டங்கள் அங்குள்ள சங்கங்களின் பேரம் பேசும் உரிமைகளை வெட்டின. 1985 மந்தத்துக்குப் பின், முதலாளிகள் தொழிலாளரின் சேமநிதிக்குக் கட்டவேண்டிய பங்கை நூற்றுக்கு 25இலிருந்து 10ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆயினும் சம்பளம் ஏறியதால் அந்நிய முதலீடு அந்தத் தீவை மறந்துவிடவில்லை என்பது கண்ணெதிரே நிற்கிறது.

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். 2024இல் இந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற முதலீடு 37,850 கோடி வெள்ளி. உள்நாடு, வெளிநாடு இரண்டும் சேர்த்து. வெளிநாட்டுப் பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவு. இதனால் உண்டாகும் என்று எதிர்பார்க்கும் வேலை 2 லட்சத்து 7 ஆயிரம். கிராணிமார்களே, பென்சிலை எடுங்கள். ஒரு வேலைக்கு ஏறக்குறைய 18 லட்சம் வெள்ளி முதலீடு. 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் ஒருவர் 18 லட்சத்தைக் காண 88 ஆண்டு உழைக்கவேண்டும். இவ்வளவு பெரும் பணம் ஒரே ஒரு வேலையைத்தான் பெற்றெடுக்கிறது என்றால், அந்த வேலை கண்ணியமான வேலையாக இருக்கவேண்டாமா? அதோடு, அங்கீகாரம் என்பது காகிதம். ஆலை எழுந்து, ஆள் சேர்ந்து, முதல் சம்பளம் கைக்கு வரும்வரை அதை வேலை என்று நாம் எண்ணமாட்டோம்.

ஜொகூரின் கூலாய் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். தோட்டமாக இருந்த நிலத்தில் ஜன்னலில்லாத பெரும் கட்டடங்கள் எழுகின்றன. தரவு மையம் என்று பெயர். உலகத்தின் கணக்கும் படமும் பேச்சும் அங்குள்ள யந்திரங்களில் தங்குமாம். மின்சாரம் குடிக்கும், யந்திரம் சூடாகாமலிருக்கத் தண்ணீர் குடிக்கும். கட்டுகிறபோது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். கட்டி முடித்தபின் அவ்வளவு பெரிய கட்டடத்தைக் காக்கச் சிலர் போதும். அதிலும் படித்த டெக்னீஷியன்கள்தாம் பெரும்பாலும். கிராணிமார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆபீசில் நான்கு மேசை இருந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்ததை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் முதல் ஐந்து ஆண்டில் 20,000 தேர்ச்சி பெற்ற வேலைகள் என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்லது, வரட்டும். தேர்ச்சி பெற்ற என்ற அந்த இரண்டு வார்த்தையில்தான் நம் பேரனின் தலைவிதி நிற்கிறது. எங்கே போய்த் தேர்ச்சி பெறுவான்? தோட்டம் விற்ற அன்றே லயத்தைக் காலி செய்யச் சொன்னால், அவன் படிப்பது எந்த வீட்டு விளக்கில்?

நாம் கேட்பது புதுமையானது எதுவுமில்லை. ஒரு கம்பெனி நிலம் கேட்கிறது, வரிச் சலுகை கேட்கிறது, மின்சாரமும் தண்ணீரும் கேட்கிறது; அதற்கெல்லாம் அரசாங்கம் எழுத்தில் உறுதி கொடுக்கிறது. அதே காகிதத்தில் தொழிலாளியின் பெயரும் இருக்கட்டும் என்கிறோம். தோட்ட நிலத்தை ஆலை நிலமாக மாற்ற அனுமதி தருமுன், அங்கு வாழும் குடும்பங்களுக்கு அருகிலேயே வீடு கட்டிக் கொடுத்தாகவேண்டும். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் இத்தனை பேரைச் சம்பளத்தோடு தொழில் பழக்கி எடுப்போம் என்று எண்ணிக்கையோடு எழுதவேண்டும். சங்கத்தில் சேருகிறவனைத் தொந்தரவு செய்தால் சலுகை ரத்து என்றும் எழுதவேண்டும். சொன்ன வேலை வரவில்லையானால் விட்ட வரியைத் திருப்பிக் கட்டவேண்டும். கம்பெனி ஓடிவிடும் என்பார்கள். தண்ணீரும் மின்சாரமும் நிலமும் தேடி வந்தவன் இவற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடமுடியாது.

இவை அரசாங்கத்திடம் கேட்பவை, காலம் பிடிக்கும். நாளைக்கே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. தோட்டம் கைமாறுகிறது என்று பேச்சு வந்தால், வதந்தி என்று விட்டுவிடாமல் உடனே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். புது முதலாளி, கைமாறிய ஏழு நாளுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனையில் வேலையைத் தொடரும்படி சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வேலை நீக்கம் என்றே சட்டம் கொள்ளும். இழப்பீடு கொடுத்தாகவேண்டும். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டு முடித்தவருக்கு அந்த உரிமை உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பதினைந்து நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். இருபத்தைந்து ஆண்டு பால் வெட்டியவருக்கு ஐந்நூறு நாள் சம்பளம். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு நோட்டீஸ் எட்டு வாரம். தோட்டக் கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிட மேலாக இருந்தால் அதுவே செல்லும். மேலும், 2018 முதல் நடைமுறையில் உள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்தில் சொக்சோ மூலம் சில மாதத்துக்கு உதவிப் பணமும் உண்டு. வேலை போன அறுபது நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும்.

இத்தனைக்கும் ஆதாரம் எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்ற ஏடுதான். பெயர் எழுத்துப் பிழையாய் இருப்பது, இடையில் தோட்டம் மாறியபோது சேவை முறிந்ததாக எழுதியிருப்பது, மனைவி பெயரில் வேலை செய்ததைக் கணவன் கணக்கில் ஏற்றியிருப்பது, இவையெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் நாம் கண்ட சங்கதிகள். கிராணிமார் நம்மவர்களே, செக்ரோலில் உள்ளதை இப்போதே, தோட்டம் விற்பதற்கு முன், ஒவ்வொருவருக்கும் காட்டிச் சரிபார்த்துக் கொடுக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் ஒரு பிஸ்கட் டின்னிலாவது போட்டு வையுங்கள். ஒரு நகல் கிளை அலுவலகத்தில் இருக்கட்டும். ஜொகூர் அம்மாளின் சீட்டுகளை நாம் பார்த்தோம். முப்பது ஆண்டில் நான்கு ஆண்டு காணோம். அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.